தஞ்சை உழவர் தலைவர் பி. சீனிவாசராவ்

நம் மக்களின் முன்னேற்றத்திற்குப் பாடுபட்ட பெரியோர்களுள் அண்ணல் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகியோரின் வரலாறுகளை நம் இளைஞர்கள் ஓரளவேனும் அறிவர். சட்டமன்றங்களிலும் மாநாடுகளிலும் நம் உரிமைக்காக வாதாடியவர்கள் அவர்கள். ஆனால், வயல் வரப்பிலும் களத்து மேட்டிலும் சேரித் தெருவிலும் நின்று நம் பாட்டன்மார்களின் முதுகு நிமிர்வதற்குத் துணை புரிந்தவர்களின் வரலாறு நம் பிள்ளைகளுக்குப் போதிய அளவு எடுத்துச் சொல்லப்படவில்லை. அத்தகையோருள் முதன்மையானவர் பி.எஸ்.ஆர். என்று மக்களால் அழைக்கப்பட்ட பி. சீனிவாசராவ் அவர்கள்.

அவர் நம் குலத்தில் பிறந்தவரல்லர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருமல்லர். ஆயினும் கீழத்தஞ்சையின் சேரிகளில் வாழ்ந்த முதியோர் பலர் அவரைத் தம் வீட்டுப் பெரியவரை நினைப்பதுபோல் நினைத்து வந்தனர். அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், அவர் விட்டுச் சென்ற பணியில் எஞ்சி நிற்பது எது என்பதையும் எண்ணிப் பார்ப்பது நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவிற்குப் பொருத்தமானதென்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இளமையும் நாட்டுப் பணியும்

சீனிவாசராவ் 1907ஆம் ஆண்டு, இன்று கர்நாடக மாநிலத்தில் உள்ள தென்கன்னடப் பகுதியில், கன்னடம் பேசும் அந்தணர் குடும்பமொன்றில் பிறந்தார். பெங்களூரில் கல்வி பயின்று வந்த காலத்தில் நாட்டு விடுதலைப் போராட்டம் அவரை ஈர்த்தது. காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கல்லூரியைத் துறந்து வெளியேறிய மாணவர்களுள் அவரும் ஒருவர். 1930இல் சட்டமறுப்பு இயக்கம் நாடெங்கும் பரவியபோது சென்னையில் அந்நியத் துணிக்கடைகளின் முன் மறியல் செய்தார். காவலர்களின் தடியடிக்கு ஆளாகிக் கடுமையாகக் காயமுற்றார். சிறைத் தண்டனையும் பெற்றார்.

சிறைச்சாலை அவருடைய எண்ணத்தை மாற்றியமைத்தது. பொதுவுடைமைக் கருத்துகளைத் தென்னாட்டில் பரப்புவதற்காகச் சென்னைக்கு வந்து 1932இல் கைது செய்யப்பட்டிருந்த அமீர் ஹைதர் கான் என்னும் புரட்சியாளரின் தொடர்பு சீனிவாசராவுக்குச் சிறையில் கிட்டியது. அந்நியன் வெளியேறிவிட்டால் மட்டும் ஏழையின் துயர் தீர்ந்துவிடாது, நிலமும் தொழிலும் சிலர் கையில் குவிந்து கிடக்கும் வரையில் விடுதலை முழுமை பெறாது என்னும் கருத்து அவர் உள்ளத்தில் ஆழமாக வேரூன்றியது. 1930களின் நடுவில் தமிழகத்தில் முதன்முதலாக அமைந்த பொதுவுடைமைக் கட்சிக் கிளையில் ப. ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி முதலானோருடன் அவரும் இடம் பெற்றார்.

தமிழை அவர் பிற்காலத்தில்தான் கற்றார். பேச்சில் கன்னட ஒலி இறுதிவரை கலந்தே இருந்தது. மேடைத் தமிழின் அடுக்குமொழி அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும், பிற்காலத்தில் எழுத்தறியாத உழவர்கள் அவருடைய பேச்சைக் கேட்கக் காத தூரம் நடந்து வந்தனர். கேட்பவனின் வாழ்க்கையை அறிந்து பேசுபவனின் சொல் எத்தகைய நடையில் அமைந்தாலும் உள்ளத்தைச் சென்று சேரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அன்றைய தஞ்சை

1943இல் உழவர்களை ஒன்றுதிரட்டும் பொறுப்பை ஏற்று அவர் தஞ்சை மாவட்டத்திற்கு வந்து சேர்ந்தார். அன்றைய தஞ்சை மாவட்டம் என்பது இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கியதாகும். காவிரியும் வெண்ணாறும் அவற்றின் கிளைகளும் பாய்ந்து முப்போகம் விளையும் பூமியெனப் புகழ் பெற்ற அம்மாவட்டத்தில், விளைவித்தவனுக்குப் பசி தீர உணவில்லை.

நிலத்தின் பெரும்பகுதி மிராசுதார்களிடமும், மடங்களிடமும், கோயில்களிடமும் இருந்தது. அடுத்த நிலையில் வாரத்திற்கும் குத்தகைக்கும் நிலம் பெற்றுச் சாகுபடி செய்த குடியானவர்கள் இருந்தனர். விளைச்சலில் பெரும்பங்கை நிலத்துக்குரியவருக்கு அளந்தபின் அவர்களுக்கு எஞ்சியது மிகச் சொற்பம். எந்த ஆண்டு வேண்டுமானாலும் அவர்களை நிலத்தைவிட்டு நீக்கலாம். அனைவருக்கும் கீழ்நிலையில் பண்ணையாட்கள் இருந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் மக்களே.

பண்ணையாள் என்னும் சொல்லின் பொருளை இன்றைய இளைஞர் அறிந்துகொள்ள வேண்டும். மகனுடைய திருமணத்திற்கோ, தந்தையின் ஈமச் சடங்கிற்கோ பண்ணையில் வாங்கிய சிறு கடன் தலைமுறை தலைமுறையாகத் தீராமல் தொடரும். கடன் வாங்கியவன் மட்டுமன்றி அவன் மனைவியும் மக்களும் அப்பண்ணைக்கே உழைக்க வேண்டும். குடியிருக்கும் குடிசை நின்ற மண்ணும் மிராசுதாருடையதே. வேறு பண்ணைக்கு வேலைக்குச் செல்ல முடியாது. விடியுமுன் ஏர் கட்டச் செல்பவன் இருட்டிய பின்னரே வீடு திரும்புவான். கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அந்த மரக்காலும் பண்ணையின் மரக்கால்தான். அது உண்மையான அளவு கொண்டதா என்று கேட்பதற்கு எவருக்கும் துணிவில்லை.

வேலைக்கு நேரம் கழித்து வந்தாலும், எதிர்த்து ஒரு சொல் கூறினாலும் தண்டனை உண்டு. ஆளைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடிப்பார்கள். சாணத்தைத் தண்ணீரில் கரைத்துச் சாணிப்பால் என்று பெயரிட்டு வாயில் ஊற்றிக் குடிக்கச் செய்வார்கள். அடிப்பவன் பெரும்பாலும் மிராசுதார் அல்லன், அவருடைய காரியஸ்தன். முழங்காலுக்குக் கீழ் வேட்டி தாழக் கூடாது. தோளில் துண்டு கிடக்கக் கூடாது. காலில் செருப்பு கூடாது. பெண்களின் மானத்திற்கும் பாதுகாப்பில்லை. இவை அனைத்தும் ஊர் வழக்கம் என்ற பெயரால் நடந்தன. எந்தக் காவல் நிலையமும் இவற்றைக் குற்றமாகப் பதிவு செய்ததில்லை.

சேரிக்குள் வந்தவர்

இத்தகைய இடத்தில் சங்கம் அமைப்பது எளிதன்று. சேரிக்குள் அந்நியர் ஒருவர் வந்தார் என்ற செய்தி பண்ணைக்கு எட்டினாலே அவருக்கு இடம் கொடுத்தவனுடைய குடிசை பிரிக்கப்படும். எனவே சீனிவாசராவ் இரவில் நடந்தார். வாய்க்கால் கரைகளிலும் வயல் வரப்புகளிலும் நடந்து ஒவ்வொரு சேரிக்கும் சென்றார். அங்குள்ளவர்கள் கொடுத்ததை உண்டார். அவர்களுடைய திண்ணையிலும் தரையிலும் உறங்கினார். அந்தணர் குலத்தில் பிறந்த ஒருவர் சேரிக் குடிசையில் அமர்ந்து அம்மக்களின் கஞ்சியைப் பங்கிட்டுக் குடிப்பது அக்காலத்தில் நினைத்துப் பார்க்கவியலாத செயல். மிராசுதார்களுக்கு அது சினத்தை மூட்டியது. நம் மக்களுக்கோ முதலில் அச்சத்தையும், பின்னர் வியப்பையும், அதன்பின் நம்பிக்கையையும் தந்தது.

மன்னார்குடிப் பகுதியிலுள்ள தென்பரை என்னும் சிற்றூரில் உழவர் சங்கத்தின் முதற்கிளை தோன்றியது. மடத்து நிலத்தைச் சாகுபடி செய்த குடியானவர்களின் பூசலே அதற்குக் காரணமாயிற்று. அங்கிருந்து சங்கம் களப்பாளுக்கும், திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம் வட்டங்களின் ஊர்களுக்கும் பரவியது. சேரி வாயில்களில் செங்கொடி ஏறியது.

சீனிவாசராவ் அம்மக்களிடம் கூறிய கருத்து மிக எளியது. மிராசுதாரும் ஒரு தாயின் வயிற்றில் பத்து மாதம் இருந்து பிறந்தவர்தாம்; பண்ணையாளும் அவ்வாறே பிறந்தவன். அவருக்கும் இரண்டு கை, இவனுக்கும் இரண்டு கை. அவ்வாறிருக்க ஒருவன் அடிக்கவும் மற்றவன் அடிபடவும் நியாயமில்லை. அடிக்க வருபவனைக் கண்டு ஓடாமல் எதிர்த்து நிற்க வேண்டும். ஒருவனை அடித்தால் ஊரே திரண்டு வர வேண்டும். இவ்வளவுதான் அவருடைய போதனை. கூலி உயர்வைப் பற்றிப் பேசுமுன் அவர் அடியைப் பற்றிப் பேசினார். அடிக்கு அஞ்சுபவன் கூலி கேட்க மாட்டான் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவருடைய பணி முழுவதற்கும் இதுவே அடிப்படை என்று நான் கருதுகிறேன்.

சங்கத்தின் மற்றொரு சிறப்பையும் இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். குத்தகைக் குடியானவர்களும் பண்ணையாட்களும் தொடக்கத்தில் ஒரே சங்கத்தில் இருந்தனர். குடியானவர்களுள் பலர் சாதி இந்துக்கள். குடியானத் தெருவில் இருப்பவனும் சேரியில் இருப்பவனும் ஒரே கொடியின்கீழ், ஒரே கூட்டத்தில் அருகருகே அமர்வது என்பது பல ஊர்களில் முதன்முறையாக நிகழ்ந்தது. அந்த ஒற்றுமை எப்போதும் எளிதாக இருந்ததென்று சொல்வதற்கில்லை. சிறு குத்தகைதாரனும் நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் வைத்துக் கூலி கொடுப்பவனே. அவனுடைய நலனும் கூலியாளின் நலனும் சில நேரங்களில் மோதின. சாதி உணர்வும் ஒரு கொடியினால் மட்டும் மறைந்துவிடவில்லை. ஆயினும் அடிப்பதை நிறுத்த வேண்டும் என்பதில் இரு சாராரையும் ஒன்றாக நிற்கச் செய்தது பெருஞ்செயலேயாகும்.

களப்பாள், மன்னார்குடி ஒப்பந்தங்கள்

1944ஆம் ஆண்டு தஞ்சை உழவர் வரலாற்றில் மறக்க முடியாத ஆண்டாகும். அறுவடைக் காலத்தில் பண்ணையாட்கள் வேலைக்குச் செல்ல மறுத்து நின்றபோது, விளைந்த நெல் வயலிலேயே உதிர்ந்துவிடும் என்ற அச்சம் நிலவுடைமையாளர்களுக்கு ஏற்பட்டது. அரசு அதிகாரிகள் தலையிட்டனர். களப்பாளிலும், அதன்பின் மன்னார்குடியிலும் மிராசுதார்களும் சங்கத்தின் சார்பாளர்களும் அதிகாரிகளின் முன்னிலையில் அமர்ந்து பேசி ஒப்பந்தம் செய்துகொண்டனர். சாட்டையடியும் சாணிப்பாலும் கைவிடப்பட வேண்டும் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. கூலியில் உயர்வு கிடைத்தது. அரசு முத்திரையிட்ட மரக்காலால்தான் நெல் அளக்க வேண்டும் என்பதும் சங்கம் வற்புறுத்திய கோரிக்கைகளுள் ஒன்றாகும்.

கூலியில் உயர்ந்த அளவு பெரிதன்று. ஆனால் அந்த ஒப்பந்தங்களின் மதிப்பை மரக்கால் கணக்கால் மட்டும் அளந்துவிட முடியாது. பண்ணையின் வாசலுக்குள் நுழையவும் உரிமையற்றிருந்தவர்களின் சங்கம், அதே பண்ணைக்குரியவருடன் எதிரெதிரே அமர்ந்து ஒரே தாளில் கையொப்பமிட்டது. அடிப்பது ஊர் வழக்கம் என்ற நிலை மாறி, அது செய்யத்தகாத செயல் என்று எழுத்தில் பதிவாயிற்று. வேட்டியைத் தாழக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டுடன் தெருவில் நடக்க நம்மவர்கள் துணிந்தது இக்காலத்தில்தான்.

ஒப்பந்தம் எழுதப்பட்டதனால் எல்லா ஊர்களிலும் கொடுமை நின்றுவிடவில்லை. சங்கம் வலுவாக இருந்த ஊர்களில் அது நடைமுறைக்கு வந்தது. சங்கம் இல்லாத ஊர்களில் பழைய வழக்கமே தொடர்ந்தது.

உடன் உழைத்தவர்கள்

இப்பணியைச் சீனிவாசராவ் ஒருவரே செய்தார் என்று எவரேனும் எண்ணினால் அது அவருக்கே உடன்பாடாகாது. களப்பாள் சேரியில் பிறந்து, உழவர்களை ஒன்றுதிரட்டுவதில் ஒப்பற்ற ஆற்றல் காட்டிய களப்பாள் குப்பு நம் குலத்தின் மைந்தர். அவர் 1948இல் சிறையிலேயே உயிர் துறந்தார். மணலூர் மணியம்மை அந்தணர் குலத்தில் பிறந்த கைம்பெண், ஆண்களைப்போல உடையணிந்து சேரிகள்தோறும் சென்று பண்ணையாட்களுக்காக வாதாடியவர், 1953இல் மறைந்தார். மணலி கந்தசாமி சங்கத்தைக் கட்டியமைத்ததில் சீனிவாசராவுக்கு வலக்கையாக விளங்கினார். இவர்களைத் தவிர, பெயர் எழுதப்படாத பலர் இருந்தனர். இரவில் தலைவரை ஒரு சேரியிலிருந்து மறு சேரிக்கு வழிகாட்டி அழைத்துச் சென்றவர்களும், காவலர் வரும்போது முன்னறிவித்தவர்களும், அடிபட்டும் காட்டிக்கொடுக்க மறுத்த தாய்மார்களும் அவர்களே. அந்தத் தாய்மார்கள் இல்லையெனில் சங்கமும் இல்லை.

அடக்குமுறைக் காலம்

நாடு விடுதலை பெற்றும் தஞ்சை உழவனுக்கு அமைதி கிட்டவில்லை. 1946 முதலாகவே சங்கம் இருந்த ஊர்களில் சிறப்புக் காவற்படைகள் நிறுத்தப்பட்டன. பொதுவுடைமைக் கட்சியின்மீது தடை வந்தபின் அடக்குமுறை கடுமையாயிற்று. தலைவர்களைத் தேடிச் சேரிகள் சூறையாடப்பட்டன. ஆடவர்கள் வயல்களிலும் அலையாத்திக் காடுகளிலும் மறைந்து வாழ்ந்தனர். 1950 மே மாதத்தில் சாம்பவானோடை சிவராமன், வாட்டாக்குடி இரணியன் ஆகிய இளைஞர்கள் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரணியன் மலேயா, சிங்கப்பூர் பகுதிகளில் வாழ்ந்து நேதாசியின் படையில் சேர்ந்து, பின்னர்த் தாயகம் திரும்பி உழவர் பணியில் இறங்கியவர்.

சீனிவாசராவும் அக்காலத்தில் தலைமறைவாக இருந்து இயங்கினார். அவரை ஒளித்து வைத்தால் நேரக்கூடிய தண்டனையை நன்கு அறிந்திருந்தும் சேரி மக்கள் அவரைக் காத்தனர். தஞ்சையில் நடப்பது என்ன என்ற தலைப்பில் அவர் எழுதிய சிறுநூல், மாவட்டத்தின் நில உடைமையையும் பண்ணையாட்களின் நிலையையும் வெளியுலகிற்கு எடுத்துரைத்தது. பெருநிலக்கிழார்களின் கொடுமையைச் சினத்துடன் சொல்வதோடு நில்லாமல், உழவனின் வரவு செலவைக் கணக்கிட்டுச் சொல்லும் முறையை அவர் கையாண்டார். கணக்குத் தெரியாதவனை ஏய்ப்பது எளிது என்பதை அவர் அறிவார்.

சட்டம் வந்தது

தஞ்சையின் கொந்தளிப்பை அரசு நீண்டகாலம் புறக்கணிக்க இயலவில்லை. 1952இல் இராசாசி முதலமைச்சராக இருந்தபோது தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் முதலில் அவசரச் சட்டமாகவும், பின்னர்ச் சட்டமாகவும் வந்தது. வாரதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றும், ஐந்தாண்டுகளுக்கு நிலத்தைவிட்டு நீக்கலாகாது என்றும் அச்சட்டம் கூறியது. பண்ணையாட்களைக் காரணமின்றி நீக்குவதைத் தடுத்தது, கூலியையும் வரையறுத்தது. ஒரே கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல் நிலம் உடையவர்களுக்கே இச்சட்டம் பொருந்தும். 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956இல் நியாயவாரச் சட்டமும் தொடர்ந்தன. நன்செய் நிலத்திற்கு விளைச்சலில் நூற்றுக்கு 40 பங்கே வாரம் என்பது நியாயவாரச் சட்டத்தின் விதி.

இச்சட்டங்கள் எவையும் தாமாக வந்தவையல்ல. களப்பாளிலும் மன்னார்குடியிலும் தொடங்கிய போராட்டத்தின் விளைவாகவே அவை சட்டப் புத்தகத்தில் ஏறின. ஆனால் சட்டம் வந்தவுடன் அதனைத் தாண்டும் வழிகளும் வந்தன. ஒரு வேலிக்கு மேற்பட்ட நிலம் பல பெயர்களில் பிரித்து எழுதப்பட்டது. பண்ணையாள் என்ற பெயரில் இருந்தவர்கள் தினக்கூலிகளாக மாற்றப்பட்டனர். தினக்கூலிக்குப் பண்ணையாள் சட்டம் பொருந்தாது. பண்ணையாள் முறை ஒழிந்ததென்று நாம் மகிழ்ந்த அதே நேரத்தில், ஆண்டு முழுவதும் வேலை என்ற சிறு உறுதியும் பலருக்கு இல்லாமற்போயிற்று.

தான் இன்ன பண்ணையில் இத்தனை ஆண்டு வேலை செய்தேன் என்பதை அதிகாரியின் முன் மெய்ப்பிக்க வேண்டியவன் பண்ணையாள். அதற்குரிய கணக்கையோ காரியஸ்தன் எழுதினான். பண்ணையாளிடம் இருந்தது கைநாட்டு மட்டுமே. தன் பெயருக்கு எதிரே என்ன எழுதப்பட்டுள்ளது என்பதைப் படித்தறிய முடியாதவன், தனக்காக இயற்றப்பட்ட சட்டத்தினாலும் முழுப்பயன் பெற முடியவில்லை. நம் முன்னோர்க்கு எழுத்து மறுக்கப்பட்டது ஏன் என்பது இப்போது விளங்குமன்றோ?

நில உச்சவரம்பும் இறுதிப் போரும்

கூலியும் வாரமும் எவ்வளவு உயர்ந்தாலும் நிலம் கைக்கு வராத வரையில் உழவனின் அடிமைத்தனம் நீங்காது என்பது சீனிவாசராவின் உறுதியான கருத்து. தமிழ்நாடு விவசாயிகள் சங்கத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த அவர், 1950களின் இறுதியில் தம் முழு ஆற்றலையும் நில உச்சவரம்புக் கோரிக்கையில் செலுத்தினார்.

காமராசர் அமைச்சரவை கொண்டுவந்த நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் நிறைவேறும் நிலைக்கு வந்தது. ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 30 தர ஏக்கர் என்பது அதன் வரம்பு. குடும்ப உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுதல் நிலம் வைத்துக்கொள்ளலாம். பெண்களின் சீதன நிலத்திற்குத் தனிச் சலுகை உண்டு. தோட்டங்கள் முதலியவற்றிற்கு விலக்கும் உண்டு. இத்தனை வாயில்கள் திறந்திருக்கையில் நிலமற்றோர்க்கு நிலம் எங்கிருந்து வரும் என்று சங்கம் வினவியது. சட்டத்தைத் திருத்த வேண்டுமென்று கோரி நடைப்பயணங்களையும், 1961 செப்டம்பரில் அரசு அலுவலகங்களின் முன் மறியலையும் சங்கம் நடத்தியது. ஆயிரக்கணக்கான உழவர்களும் தொழிலாளர்களும் சிறை சென்றனர். அவர்களுள் நம் தாய்மார்களும் இருந்தனர்.

தடியடியாலும் சிறையாலும் தலைமறைவு வாழ்க்கையாலும் சீனிவாசராவின் உடல் முன்பே நலிந்திருந்தது. ஓய்வின்றி ஊர் ஊராகச் சென்று போராட்டத்திற்கு மக்களைத் திரட்டிய அலைச்சலை அது தாங்கவில்லை. போராட்டம் நடந்துகொண்டிருந்த போதே, 1961 செப்டம்பர் 30 அன்று தஞ்சையில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 54. தாம் உழைத்த மண்ணாகிய திருத்துறைப்பூண்டியில் அவருக்கு நினைவிடம் அமைந்துள்ளது. ஆண்டுதோறும் அவர் மறைந்த நாளில் உழவர்களும் தொழிலாளர்களும் அங்குக் கூடி அஞ்சலி செலுத்துகின்றனர்.

அவருக்குப் பின்

அவர் மறைந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் நம் மக்கள் 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக, ஒரு குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டனர். கூலி உயர்வு கேட்டதும், செங்கொடிச் சங்கத்தைவிட்டு விலக மறுத்ததுமே அவர்கள் செய்த குற்றம். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்கள் 1973இல் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். சாட்டை போயிற்று என்று எண்ணியிருந்த இடத்தில் தீ வந்தது. நிமிர்ந்த முதுகை மீண்டும் வளைக்க ஆதிக்கம் எந்த எல்லைக்கும் செல்லும் என்பதை வெண்மணி காட்டியது.

அதன்பின் 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக்கூலிச் சட்டம் வந்தது. 1970இல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. 1971இல் குடியிருப்பு மனைகளை அவற்றில் வாழ்வோருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. குடிசையைப் பிரித்துப் போடுவேன் என்று மிரட்டும் ஆயுதம் மிராசுதாரின் கையிலிருந்து அன்றுதான் நீங்கியது. சீனிவாசராவின் காலத்தில் தொடங்கிய போராட்டங்கள் இவற்றுக்கெல்லாம் வழி அமைத்தன என்று துணிந்து கூறலாம்.

ஆனால் அவருடைய முதன்மைக் கோரிக்கையாகிய நிலம் நம் மக்களுக்கு உரிய அளவில் வந்து சேர்ந்ததா? வந்து சேரவில்லை என்பதே உண்மை. நம் உறவினர்களுள் பலர் இன்றும் கூலி உழவர்களாகவே இருக்கின்றனர். நிலம் பெற்ற சிலரும் கடனுக்கும் வறுமைக்கும் அதனை இழந்ததுண்டு. அவர் தொடங்கிய பணி முடிவு பெறவில்லை என்பதை மறைத்து அவரைப் புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

இளைஞர்களுக்கு

அன்பார்ந்த இளைஞர்களே! இந்த வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை மூன்று என நான் கருதுகிறேன்.

முதலாவது, வேறு குலத்தில் பிறந்து நமக்காக உழைத்தவரை நன்றியுடன் நினைக்க வேண்டும். ஆனால் நம்மை ஒருவர் வந்து மீட்டார் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. சீனிவாசராவ் நம்மவர்களின் கையைப் பிடித்துத் தூக்கினார் என்பதைவிட, எழுந்து நிற்கத் தமக்குக் கால்கள் உண்டு என்பதை அவர்களுக்கு நினைவூட்டினார் என்பதே பொருத்தம். எழுந்து நின்றவர்கள் களப்பாள் குப்புவைப் போன்றவர்கள். உங்கள் பாட்டனும் பாட்டியும் ஆவர்.

இரண்டாவது, உரிமை என்பது சங்கம் உள்ள இடத்தில்தான் நிற்கும். ஒரே ஒப்பந்தம் ஓர் ஊரில் செல்லுபடியாகி அடுத்த ஊரில் செல்லாமற்போனதற்குச் சங்கம் இருந்ததும் இல்லாததுமே காரணம். படித்து வேலைக்குச் சென்றபின் ஊரையும் உறவையும் மறந்து தனித்து வாழ நினைப்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது. நம் பாட்டன்மார்கள் சாட்டையை எதிர்த்து வென்றார்கள். ஆனால் தாளில் எழுதப்பட்ட கணக்கின்முன் பலமுறை தோற்றார்கள். பட்டாவும் பத்திரமும், கூலிக் கணக்கும் கடன் சீட்டும், அரசாணையும் தீர்ப்பும் எழுத்தில்தான் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவன், ஒருத்தி, ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர் தம் வீட்டோடு நில்லாமல் தெருவிலுள்ள முதியோர்க்கும் அவற்றைப் படித்துக் காட்ட வேண்டும். நம் சங்கம் இந்த இருபத்தைந்து ஆண்டுகளாக நடத்தி வரும் பணியும் அதுவே. கைநாட்டு இட்ட விரல்கள் பேனா பிடிக்கத் தொடங்கியதை இந்த மலரின் ஒவ்வொரு பக்கமும் காட்டும்.

வயல் வரப்பில் இரவெல்லாம் நடந்து சேரிக்கு வந்த அப்பெரியவரின் நினைவைப் போற்றுவோம். அவர் முடிக்காமல் விட்டுச் சென்ற பணியில் நம் பங்கை, கல்வியின் துணைகொண்டு, ஒற்றுமையுடன் செய்வோமாக.